புல் பாயாக உரிந்து வருகிறதா? வேர்ப்புழுவுக்கு எந்த மருந்து, எந்த மாதம்

கேள்வி: "நியூஜெர்சி எடிசன் பக்கம் வீடு வாங்கி மூன்று வருடம் ஆகிறது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து முன்பக்கப் புல் திட்டுத் திட்டாகக் காய்கிறது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துத் தினமும் பாய்ச்சினேன். போன வாரம் ராத்திரியில் ஏதோ பிராணி வந்து புல்லைப் பிய்த்துப் போட்டுவிட்டது. கையால் இழுத்தால் பாய் மாதிரி உரிகிறது, அடியில் சுருண்ட வெள்ளைப் புழுக்கள். போன அக்டோபரிலேயே 'கிரப்' மருந்து என்று ஒரு மூட்டை வாங்கிப் போட்டேனே, அப்புறமும் ஏன் இப்படி? இப்போது எதைப் போடுவது? வீட்டில் நாலு வயதுக் குழந்தை இருக்கிறது."

பதில்:

நீங்கள் வாங்கிய மருந்தில் குறை இருக்க வாய்ப்பில்லை. போட்ட மாதம்தான் தப்பு. 'கிரப்' என்றால் இந்த வேர்ப்புழுதான். கடைகளில் கண்ணில் படும் 'கிரப்' மூட்டைகளில் பெரும்பாலானவை முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த குஞ்சுப்புழுவைக் கொல்வதற்கானவை. அக்டோபரில் உங்கள் மண்ணில் இருந்தது முழுதாக வளர்ந்த புழு. இன்னும் சில வாரத்தில் அது குளிருக்குப் பயந்து கீழே இறங்கிவிடும். பள்ளிக்கூடம் முடித்த பையனுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுத்த கதைதான். புல்தரைப் புழு விஷயத்தில் நான் கண்ட தோல்விகளில் முக்கால்வாசி இந்த வகை.

நான் வேளாண்மை படித்தது கோயம்புத்தூரில், பிழைப்பது இந்தப் பக்கத்துக் கோல்ஃப் மைதானங்களின் புல்லைப் பார்த்து. ஊரில் நிலக்கடலையும் கரும்பும் போட்டவர்களுக்கு இந்தப் புழு புதிதல்ல. கோடை மழை பெய்த மறுநாள் அந்தியில் வேப்பமரத்தை மொய்க்கும் வண்டுகளின் பிள்ளைதான் அங்கே வேர்ப்புழு. இங்கே இருப்பதும் அதே குடும்பம்தான், இனம் மட்டும் வேறு. ஜப்பானிய வண்டு என்று எல்லோரும் சொல்வது 1916-இல் இதே நியூஜெர்சியின் ரிவர்ட்டன் அருகே ஒரு நாற்றங்காலில்தான் அமெரிக்காவிலேயே முதல்முறை கண்ணில் பட்டது. செடிகளோடு ஒட்டிவந்த மண்ணில் புழுவாக வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். ஆனால் இன்று நியூஜெர்சிப் புல்தரைகளில் அதைவிட அதிகச் சேதம் செய்வது ஓரியண்டல் வண்டு. அது பகலில் ரோஜாவில் உட்கார்ந்து பளபளப்பதில்லை, அதனால் யாரும் கவனிப்பதில்லை. "எங்கள் தெருவில் வண்டே இல்லையே, புழு எப்படி வந்தது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இனி அதன் ஒரு வருட வாழ்க்கை. இதைப் பிடித்துக்கொண்டால் மருந்துக் கேள்விகளில் பாதி தானாகத் தீரும்.

ஜூன் கடைசி, ஜூலையில் வண்டுகள் மண்ணைவிட்டு வெளியே வரும். பெண் வண்டு பல தடவையாக மண்ணுக்குள் இறங்கி மொத்தம் 40 முதல் 60 முட்டை வைக்கும். முட்டை பொரிக்க மண்ணில் ஈரம் வேண்டும், வறண்ட மண்ணில் முட்டை சுருங்கிச் செத்துவிடும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பொரிக்கும் குஞ்சு ஒரு கொத்தமல்லி விதை அளவுகூட இருக்காது. ஆகஸ்ட் முழுக்க வேரைத் தின்று இரண்டு முறை தோலுரித்து, செப்டம்பரில் மூன்றாம் பருவப் புழுவாகிவிடும். அரை அங்குலத்துக்கு மேல் நீளம், பழுப்புத் தலை, ஆறு கால், வால்பக்கம் மண் தெரியும் சாம்பல் நிறம். நீங்கள் பார்த்தது இதைத்தான். அக்டோபர் நடுவிலிருந்து குளிர் ஏற ஏறக் கீழே போகும். ஏப்ரலில் மறுபடி மேலே வந்து கொஞ்சம் தின்னும், மே கடைசியில் கூட்டுப்புழுவாகும்.

அதாவது வேரை அதிகம் தின்பது ஆகஸ்ட் பின்பாதியும் செப்டம்பரும். மருந்துக்கு எளிதில் மடிவது ஜூலை கடைசியும் ஆகஸ்ட் முதல் பாதியும். நாம் பார்த்துப் பதறுவது செப்டம்பர் நடுவில். இந்த மூன்றும் ஒரே சமயத்தில் வருவதில்லை என்பதுதான் சிக்கலே.

நீங்கள் தினமும் தண்ணீர் பாய்ச்சியதைப் பற்றி ஒன்று. ஆகஸ்ட் கடைசியில் பாய்ச்சியது தப்பில்லை, வேர் போன புல்லுக்கு அது நல்லதுதான். ஜூலையிலும் அப்படியே பாய்ச்சியிருந்தால்தான் வினை. தெருவே காய்ந்து கிடக்கும்போது உங்கள் வீட்டு முன்னால் மட்டும் பச்சையாக, ஈரமாக இருந்தால் முட்டை வைக்க வண்டு வேறு எங்கே போகும்?

மருந்துக்கு முன்னால் எண்ணுங்கள். மண்வெட்டியால் ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமாக மூன்று பக்கம் மட்டும் வெட்டி, புத்தக அட்டையைத் திறப்பதுபோல் புரட்டுங்கள். மூன்று அங்குல ஆழம் வரை மண்ணைக் கிளறி எண்ணிவிட்டு, பழையபடி மூடி, மிதித்துத் தண்ணீர் ஊற்றுங்கள். ஐந்தாறு இடத்தில் செய்ய வேண்டும். செத்துப்போன திட்டின் நடுவில் எண்ணாதீர்கள், தீனி தீர்ந்து புழு அங்கிருந்து நகர்ந்திருக்கும். பச்சையும் பழுப்பும் சேரும் ஓரத்தில் பாருங்கள். நாங்கள் மைதானத்தில் குழி வெட்டும் கருவியை வைத்தே எண்ணுவோம். 4¼ அங்குல விட்டம் கிட்டத்தட்ட பத்தில் ஒரு சதுர அடி, ஆகவே ஒரு குழிக்கு ஒரு புழு என்றால் சதுர அடிக்குப் பத்து.

சதுர அடிக்கு நாலைந்து புழு என்றால் விட்டுவிடலாம். நல்ல வேருள்ள புல் அதைத் தாங்கும். எட்டு, பத்து என்றால் மருந்தைப் பற்றி யோசிக்கலாம். உரமும் நீரும் நன்றாகக் கிடைக்கிற புல் பதினைந்து, இருபதைக்கூட வெளியே காட்டாமல் தாங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தக் கணக்கு புல்லுக்கு மட்டும்தான், ஸ்கங்க்குக்கும் ரக்கூனுக்கும் அல்ல. உங்கள் வீட்டுக்கு ராத்திரி வந்தது அவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். புழு நாலே இருந்தாலும் அவை ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகும். உங்களுக்கு இரண்டும் நடந்திருக்கிறது, புல்லும் உரிகிறது. எனவே எண்ணிக்கை பத்தைத் தாண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன். இருந்தாலும் எண்ணுங்கள். முன்பக்கம் மட்டும்தானா, பின்பக்கமும் உண்டா என்று தெரிந்தாலே பாதி மருந்து மிச்சமாகும்.

புழு எந்த இனம் என்று பார்க்கப் பத்து மடங்கு கைலென்ஸ் போதும். புழுவின் பின்நுனியில், அடிப்பக்கத்தில், குட்டி முட்கள் ஒரு கோலமாக இருக்கும். எதிரெதிரே இரண்டு நேர்வரிசை என்றால் ஓரியண்டல் வண்டு, 'வி' வடிவம் என்றால் ஜப்பானிய வண்டு, பிறை மாதிரி ஒரே வளைவு என்றால் ஆசியத் தோட்ட வண்டு. இந்தக் கடைசி ஆள் மருந்துக்கு அவ்வளவு சுலபமாக மசியமாட்டான். பார்க்கத் தெரியாவிட்டால் நாலு புழுவை ஒரு டப்பாவில் போட்டு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கவுண்டி விரிவாக்க அலுவலகத்தில் கேட்கலாம்.

இப்போதைக்கு என்ன? செப்டம்பர் நடுவில் வளர்ந்த புழுவைக் கொல்ல வீட்டுக்காரர் கைக்கு எட்டுவதில் உருப்படியானது டிரைகுளோர்ஃபான். டைலாக்ஸ் என்ற பெயரிலும், '24 மணி நேரம்' என்று போட்ட சில மூட்டைகளிலும் கிடைக்கும். மூன்று நாளுக்குள் வேலையைக் காட்டும், ஒரு வாரம் பத்து நாளில் மண்ணில் மறைந்துவிடும். ஆனால் இது ஆர்கனோபாஸ்பேட் ரகம், நரம்பு மருந்து. அளவைப் பாருங்கள்: ஒரு ஏக்கருக்கு மூலப்பொருள் (மூட்டைக்குள் புழுவைக் கொல்லும் சரக்கு) மட்டும் மூன்றரைக் கிலோவுக்கு மேல். அடுத்த வருடத்துக்கு நான் சொல்லப்போகும் மருந்துக்கு ஏக்கருக்கு 45 முதல் 90 கிராம். அத்தனை போட்டும் நூற்றுக்கு நூறு சாகாது. பாதியிலிருந்து முக்கால்வாசி செத்தால் நல்ல விளைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் பிறந்துவிட்டால் இதையும் வாங்காதீர்கள்.

போடும் முறை: முதல் நாளே லேசாகத் தண்ணீர் விட்டு மண்ணை நனையுங்கள், புழு மேலே வரும். மறுநாள் மாலை ஸ்ப்ரெடரில் குருணையைத் தூவுங்கள். தூவிய கையோடு அரை அங்குலம் தண்ணீர். இந்த அரை அங்குலத்தை யாரும் ஒழுங்காகக் கொடுப்பதில்லை. காலி டூனா டப்பாக்கள் நாலைந்தைப் புல்லில் அங்கங்கே வைத்து, ஸ்ப்ரிங்க்ளரை ஓடவிட்டு, டப்பாவில் அரை அங்குலம் நிற்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒருமுறை அளந்துவையுங்கள். பல வீடுகளில் முக்கால் மணி நேரம்கூட ஆகும், இவர்கள் பத்து நிமிடம் விட்டுவிட்டு நிறுத்திவிடுவார்கள். மருந்து புல் நுனியிலேயே நிற்கும், புழுவோ இரண்டு அங்குலம் கீழே நிம்மதியாகத் தின்றுகொண்டிருக்கும்.

புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே பழைய தண்டும் வேரும் சேர்ந்து மெத்தைபோல் ஒரு படலம் உண்டு. இங்கே தாட்ச் என்பார்கள். அது அரை அங்குலத்துக்கு மேல் தடித்திருந்தால் மருந்தை உறிஞ்சிக் கீழே விடாது. கெஞ்சிப் பயனில்லை, முதலில் அதைச் சீவி எடுக்க வேண்டும்.

தெளிப்பு மருந்தாக வாங்கினால் தண்ணீரின் பிஎச் பாருங்கள். இதை நான் கற்றது என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிணற்று நீரில் டிரைகுளோர்ஃபானைக் கலந்து தொட்டியை நிழலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து இரண்டு மைதானத் துண்டுக்கு அடித்தேன். ஒரு புழு சாகவில்லை. பிஎச் 6 உள்ள தண்ணீரில் இந்த மருந்து பாதியாகக் குறைய மூன்று நாளுக்கு மேல் ஆகும், 8 என்றால் சுமார் ஒரு மணி நேரம்தான். எங்கள் கிணறு எட்டரை. நான் அடித்தது ஏறக்குறைய வெறும் தண்ணீர். குருணையாக வாங்குங்கள், உங்களுக்கு இந்தத் தொல்லையே வேண்டாம்.

செவின் போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். ஊரில் 2018-இல் தடை வரும்வரை செவின் தூள் என்றால் கார்பரில். இங்கும் முன்பு அப்படித்தான், புழுவையும் கொல்லும், மண்புழுவையும் தேனீயையும் சேர்த்துக் கொல்லும். இன்று வீட்டு உபயோகக் கடைகளில் அதே செவின் பெயரில் விற்பது பெரும்பாலும் பைரத்ராய்டு வகை. அது தாட்ச்சில் ஒட்டிக்கொண்டு மண்ணுக்குள் இறங்கவே இறங்காது. மூட்டையின் முன்பக்கப் பெரிய எழுத்தை நம்பாதீர்கள், அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பொருள் பெயரைப் படியுங்கள்.

அடுத்த வருடத்துக்கு என் பரிந்துரை குளோரான்ட்ரனிலிப்ரோல். ஊரில் நெல்லுக்கும் கரும்புக்கும் கோராஜன் என்று அடிப்பார்களே, அதேதான். இங்கே வீட்டுக்குக் கிரப்எக்ஸ், மைதானங்களுக்கு அசெலெப்ரின். போன அக்டோபரில் நீங்கள் போட்டதும் இதுவாக இருக்கலாம். பூச்சியின் தசையில் கால்சியத்தைக் கசியவிட்டு, அசையவும் தின்னவும் முடியாமல் செய்துவிடும். தண்ணீரில் மெதுவாகக் கரையும் மருந்து என்பதால் வேர் மட்டத்துக்கு இறங்கவே வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கத்துக்குள் போட வேண்டும். ஜூலை கடைசியில் குஞ்சு பொரிக்கும்போது மருந்து அங்கே காத்திருக்கும். அக்டோபரில் போட்டு அடுத்த ஆடி வரை நிற்கும் என்று நம்ப முடியாது.

"இமிடாகுளோப்ரிட் மலிவாயிற்றே, ஜூலையில் போட்டாலும் கேட்குமே?" என்றால், உண்மை. 1994-இல் அமெரிக்காவில் பதிவானதிலிருந்து பல வருடம் எங்கள் கைமருந்து அதுதான். கான்ஃபிடார் என்று ஊரில் சொல்வார்கள். வேகமாகக் கரைவதால் ஜூன், ஜூலையில் போட்டாலே போதும். ஆனால் நியூஜெர்சியில் 2022 ஜனவரியில் கையெழுத்தான சட்டப்படி, 2023 அக்டோபர் 31 முதல் அந்த வகை நியோனிகோட்டினாய்டு மருந்துகளை வீட்டுக்காரர் வாங்கிப் புல்தரைக்குப் போட முடியாது. பென்சில்வேனியாவில் இருக்கும் மச்சானிடம் சொல்லி ஒரு மூட்டை வாங்கிவரும் வழக்கம் நம்மவர்களிடம் உண்டு, அதைச் செய்யாதீர்கள். காரணம் தேனீ. புல்லில் வெள்ளைக் க்ளோவர் பூத்திருந்தால் மருந்து அதன் தேனுக்கும் மகரந்தத்துக்கும் ஏறும். கென்டக்கி பல்கலைக்கழகத்தார் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அதே வகை மருந்தான குளோதியானிடின் போட்ட க்ளோவரில் மேய்ந்த பம்பிள் தேனீக் கூடுகள் புது ராணிகளை உண்டாக்கவில்லை. குளோரான்ட்ரனிலிப்ரோல் போட்ட இடத்தில் அப்படிப் பாதிப்பு தெரியவில்லை. நான் பரிந்துரையை மாற்றிக்கொண்டதற்குச் சட்டத்தைவிட அந்த ஆய்வுதான் காரணம் என்று சொல்லலாம்.

பழைய மருந்துகளின் கதை தெரிந்தால் இந்த ஜாக்கிரதை மிகை என்று தோன்றாது. 1954-இல் இல்லினாய் மாநிலத்தின் ஷெல்டன் பகுதியில் ஜப்பானிய வண்டை ஒழிக்க விமானத்திலிருந்து டீல்ட்ரின் தூவினார்கள். ராபின் குருவிகள் கூட்டமாகச் செத்தன, பண்ணைப் பூனைகளும் செத்தன. வண்டு ஒழியவில்லை. டயசினான் காலத்தில், 1984-இல், லாங் ஐலண்டில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் மேய வந்த பிரான்ட் வாத்துகள் நூற்றுக்கணக்கில் விழுந்தன. அதன் பிறகு மைதானங்களில் அந்த மருந்து நிறுத்தப்பட்டது, வீட்டுப் புல்தரைக்கான விற்பனை 2004-உடன் முடிந்தது. எனக்கு முந்தைய தலைமுறை மேற்பார்வையாளர்கள் குளோர்டேன் ஒருமுறை போட்டால் பல வருடம் புழு வராது என்று பெருமூச்சு விடுவார்கள். பல வருடம் மண்ணைவிட்டுப் போகாது என்பதுதான் அதன் பொருள்.

குழந்தை விஷயம். இப்போது டிரைகுளோர்ஃபான் போட்டால், அரை அங்குலத் தண்ணீர் விட்டு, புல் முழுக்கக் காய்ந்த பிறகே உள்ளே விட வேண்டும். மூட்டையில் எழுதிய நேரம் அதைவிட அதிகமாக இருந்தால் அதுதான் கணக்கு. நான் என்றால் இன்னும் இரண்டு நாள் பின்பக்கத்திலேயே விளையாட விடுவேன். நடைபாதையில், டிரைவ்வேயில் விழுந்த குருணையைப் பெருக்கிப் புல்லிலேயே போடுங்கள், தண்ணீரால் அடித்துச் சாக்கடைக்குத் தள்ளாதீர்கள். குளோரான்ட்ரனிலிப்ரோல் மனிதருக்கும் தேனீக்கும் சாதுதான், ஆனால் ஓடையில் இருக்கும் சிறு நீர்ப்பூச்சிகளுக்கு அல்ல. கன மழை வரும் என்று சொல்லும் நாளிலும் போட வேண்டாம். ஆள் வைத்துப் போட்டால் அவரிடம் மாநில உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், இரண்டாவது கேள்வியாக மூலப்பொருள் பெயரைக் கேளுங்கள். செப்டம்பரில் வந்து குளோரான்ட்ரனிலிப்ரோல் போட்டுவிட்டுப் பணம் வாங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

டிரைகுளோர்ஃபான் வீட்டுக்குள் வரவே வேண்டாம் என்று நினைத்தால் இன்னொரு வழி நூற்புழு, அதாவது வேர்ப்புழுவுக்குள் புகுந்து அதைக் கொல்லும் நுண்ணிய புழு. ஹெட்டரோராப்டைட்டிஸ் பாக்டீரியோஃபோரா என்ற இனத்தைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டைனர்நீமா கார்ப்போகேப்சே மேல்மட்டத்தில் பதுங்கியிருந்து பிடிக்கும் ரகம், மண்ணுக்குள் தேடிப் போகாது. உயிருள்ள சரக்கு இது. குளிர்பெட்டியில் வர வேண்டும், வெயில் சாய்ந்த பிறகு ஈர மண்ணில் ஊற்ற வேண்டும், பிறகும் ஈரம் காயக் கூடாது. மண் 15 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும்போது மட்டும். சரியாக அமைந்தால் நன்றாகவே கேட்கும், அமையாவிட்டால் ஒன்றும் நடக்காது. மில்க்கி ஸ்போர் என்ற பாக்டீரியாப் பொடியைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் சிபாரிசு செய்வார், வாங்க வேண்டாம். 1948-இலிருந்து பதிவில் இருக்கும் பழைய சரக்கு, ஜப்பானிய வண்டின் புழுவை மட்டுமே தொடும், நிறையப் பரிசோதனைகளில் அதையும் சரியாகத் தொடவில்லை. வண்டு பிடிக்கும் மஞ்சள் பைகள் பிடிப்பதைவிட அதிக வண்டை அழைத்து வரும். வேண்டுமானால் எதிர்வீட்டுக்காரருக்குப் பரிசாகக் கொடுக்கலாம்.

கடைசியாகப் புல். இறந்த திட்டுகளைச் சீவி எடுத்து, மேல்மண்ணைக் கீறி, இந்த மாதத்துக்குள் விதை போடுங்கள். செப்டம்பர் தாண்டினால் நாற்று பிடிக்கும் முன் குளிர் வந்துவிடும். கென்டக்கி புளூகிராஸ் வேண்டாம், டால் ஃபெஸ்க்யூ போடுங்கள். வேர் ஆழமாகப் போவதால் அதே எண்ணிக்கைப் புழுவை நன்றாகத் தாங்கும். உரிந்து வந்தாலும் இன்னும் பச்சையாக இருக்கும் புல்லைத் தூக்கி எறியாதீர்கள். திரும்ப வைத்து, மிதித்து, தினம் லேசாக நீர் விட்டால் வேர் பிடித்துக்கொள்ளும்.

ஏப்ரலில் தக்காளிக்குக் குழி தோண்டும்போது கொழுத்த வெள்ளைப் புழு நாலு கிடைக்கும், உங்களுக்குப் பக்கென்று இருக்கும். அது இப்போதைய கூட்டத்தில் தப்பித்தது, கூட்டுப்புழுவாகப் போகிறது, அதிகம் தின்னாது. அதற்கென்று தனி மருந்து வாங்க வேண்டாம், காக்கைக்கு எறியுங்கள். மே முதல் வாரத்தில் குளோரான்ட்ரனிலிப்ரோல் போடுவதற்கு மட்டும் இப்போதே போனில் ஒரு நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.